திருநெல்வேலியில் சொன்ன காரணம்

1934 ஜனவரி 15. பிற்பகல் இரண்டு மணி தாண்டிச் சில நிமிடம். வட பிகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேர் நகரம் செங்கல் குவியலானது. வயல்கள் பிளந்து மணலும் தண்ணீரும் பீறிட்டன. இரண்டு நாட்டிலுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஒன்பது நாள் கழித்து, தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தெற்கே வந்திருந்த காந்தி, திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் அதற்கொரு காரணம் சொன்னார். தன்னை மூடநம்பிக்கைக்காரன் என்றாலும் சரி, ஹரிஜனங்களுக்கு நாம் இழைத்த பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனையே இந்தப் பூகம்பம் என்றார்.

தாகூர் அதிர்ந்துபோனார். தீண்டாமை கூடாது என்பதில் இருவருக்கும் பேதமில்லை; கணக்குத்தான் இடித்தது. பூகம்பத்துக்குப் பூமிக்குள்ளேதான் காரணம் இருக்கிறது, மனிதனின் ஒழுக்கத்தை அதில் நுழைக்கக் கூடாது என்று எழுதினார். குழந்தைகளையும், தீண்டப்படாதவர் என்று ஒதுக்கிவைக்கப்பட்டவர்களையும் சேர்த்துக் கொன்று, எங்கோ பத்திரமாக இருக்கும் குற்றவாளிக்குப் பாடம் புகட்டுவது என்ன நீதி? இதே வாதத்தைச் சனாதனிகளும் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாமே? பிப்ரவரி 16 அன்று காந்தி தன் 'ஹரிஜன்' இதழிலேயே அந்த மறுப்பை அச்சிட்டார். அதே இதழில் பதிலும் எழுதினார். நம்பிக்கையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

வாதத்தில் ஜெயித்தவர் தாகூர்தான். ஆனாலும் காந்தி பழியைச் செத்தவர்கள் தலையில் கட்டவில்லை. 'நாம்' என்று தன்னையும் சேர்த்தே சொன்னார். மார்ச்சில் பிகாருக்கே போய் இடிபாடுகளுக்கு நடுவே சுற்றினார்.

அதே நாட்களில் உளவியலாளர் ஜமுனா பிரசாத், பூகம்பத்தை ஒட்டிப் பரவிய வதந்திகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். கங்கைத் தண்ணீர் மறைந்துபோய், குளித்துக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்தார்கள். சந்திர கிரகணத்தன்று இன்னொரு பூகம்பம். பிப்ரவரி 26 பிரளயம். பயத்தைத் தணிக்கிற வதந்தியாக எதுவும் இல்லை, பெரும்பாலானவை கிலியூட்டுகிறவை. ஏறக்குறைய இருபது ஆண்டுக்குப் பிறகு இதைப் படித்த அமெரிக்க உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் ஒன்றைக் கவனித்தார். இப்படிப் பேசிக்கொண்டவர்கள் அதிர்வை உணர்ந்தவர்கள், ஆனால் அழிவைக் கண்ணால் பார்க்காதவர்கள். உடம்பு நடுங்குகிறது, சுற்றிலும் எதுவும் இடியவில்லை. நடுக்கத்துக்கு ஏற்ற காரணத்தை மனம் தானே தயாரித்துக்கொள்கிறது. 1957இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற அறிவுசார் முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கு இங்கிருந்துதான் பொறி கிடைத்தது.

தள்ளி நிற்பவர் காரணம் தேடும் விதம் இது. சாவு விழுந்த வீட்டில் காரணம் வேறு மாதிரி வருகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானோரைச் சுனாமி கொண்டுபோனது. "புள்ள கைய விட்டுட்டேனே" என்பது இப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் அழுகை. அடுத்த வாக்கியம் பெரும்பாலும் "என்ன பாவம் பண்ணினேனோ" என்று வரும். அலையின் வேகத்துக்கு எந்தக் கையும் ஈடில்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்கிறாள்? ரானி ஜேனாஃப்-புல்மன் என்ற உளவியலாளர் தன்னைப் பழிப்பதில் இரண்டு வகை பார்த்தார். 'நான் செய்த காரியம் தப்பு' என்பது ஒன்று. 'நானே அப்படிப்பட்டவள்' என்பது இன்னொன்று. முதல் வகையில், வேறு மாதிரி செய்திருக்கலாம், உலகம் இன்னும் தன் கைக்குள் அடங்கும் என்ற பிடிமானமாவது மிஞ்சும். இரண்டாவது ஆளையே அரித்துவிடும். "போன ஜென்மத்துக் கர்மா" என்று ஆறுதல் சொல்ல வருகிற பக்கத்து வீட்டுக்காரர், தெரியாமலேயே அவளை முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளிவிடுகிறார்.

படித்தவர்களும் அவசரப்பட்டதுண்டு. பேரிடர் நடந்த கையோடு பாதிக்கப்பட்டவர்களை உட்காரவைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் செய்யும் முறை ஒரு காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. அதைச் செய்ய வேண்டாம் என்பதுதான் இன்று உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. அது முன்வைக்கும் உளவியல் முதலுதவி எளிமையானது: என்ன தேவை என்று பார், பேசினால் கேள், பேசாவிட்டால் தோண்டாதே, சோறு, தங்குமிடம், சொந்தபந்தம் இவற்றோடு சேர்த்துவை. தமிழ்நாட்டுத் துக்க வீடுகளில் இதில் பாதி பழக்கத்திலேயே இருக்கிறது. அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சாப்பாடு அடுத்த வீட்டிலிருந்து வரும். வந்தவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்றுகூடச் சொல்ல மாட்டார்.

தண்டனைப் பேச்சும் காந்தியோடு முடிந்துவிடவில்லை. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானைச் சுனாமி தாக்கியது. மூன்றே நாளில் அப்போதைய டோக்கியோ ஆளுநர் ஷின்டாரோ இஷிஹாரா, மக்களின் சுயநலத்துக்கு இது தெய்வ தண்டனை என்றார். மறுநாளே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

அதே ஜப்பானில், மியாகி மாகாணத்துப் பௌத்தத் துறவி கனேத்தா தைஓ, சுனாமிக்குப் பின் 49ஆம் நாள் வேறு சில துறவிகளுடனும் ஒரு கிறிஸ்தவப் போதகருடனும் ஓதிக்கொண்டே இடிபாடுகளுக்கு நடுவே கடலை நோக்கி நடந்தார். கடலை நெருங்க நெருங்கக் குரல் எழும்பவில்லை. சூத்திரமும் தோத்திரமும் அங்கே எடுபடவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. பிறகு தற்காலிகக் குடியிருப்புகளுக்கு ஒரு நடமாடும் தேநீர்க் கடையைக் கொண்டுபோனார். பெயர் 'கஃபே டி மாங்க்'. 'மாங்க்' என்றால் ஆங்கிலத்தில் துறவி. 'மொங்கு' என்றால் ஜப்பானிய மொழியில் புலம்பல், குறை. ஜாஸ் கலைஞர் தெலோனியஸ் மாங்க்கின் பெயரும் அதற்குள் இருக்கிறது. கடையில் ஒலித்தது அவர் இசைதான். டீ, காப்பி, கேக். பிரசங்கம் கிடையாது. வந்தவர்கள் புலம்பினார்கள், துறவிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.