படைக்கலத்துக்கு அழகு தகுமா?

அதே குழல், அதே விசை, அதே குண்டு. மேற்பூச்சு மட்டும் மாறினாலும் கைத்துப்பாக்கியின் விலை மாறிவிடுகிறது. கருநீல மெருகுக்கு ஒரு விலை, நிக்கல் முலாமுக்கு இன்னொரு விலை. அமெரிக்கச் சந்தையில் பெண்களைக் கவர இளஞ்சிவப்பிலும் துப்பாக்கி விற்கிறார்கள். நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 2012 டிசம்பரில் தில்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு நடந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரைப் பெண்களுக்கென வெளியிட்டது. டைட்டானியக் கலவையால் ஆன அதன் எடை ஏறத்தாழ 500 கிராம். அப்போதைய விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். நகைப்பெட்டி போன்ற கருஞ்சிவப்புப் பேழையில் வைத்து விற்றார்கள். உயிரைப் பறிக்கும் பொருளுக்கு இப்படி அழகூட்டலாமா என்ற கேள்விக்கு வணிகக் கணக்கில் விடை கிடைக்காது. அறத்திடம்தான் கேட்க வேண்டும். ஆயுதத்திலிருந்து கையை விலக்கி வைக்கும் அழகு தகும், கையை அதனிடம் இழுக்கும் அழகு தகாது என்பதே என் முடிவு.

பூச்சு என்பது வெறும் காப்பு, அதில் அறத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பாதி நியாயம் இதில் இருக்கிறது. காரக் கரைசலில் இரும்பைக் கொதிக்கவைத்துக் கறுப்புப் படலம் படியச் செய்தால், அது எண்ணெயைப் பிடித்துக்கொண்டு துருவைத் தள்ளிப்போடும். நிக்கல் முலாம் வியர்வையைத் தாங்கும். கருவியைப் பழுதின்றி வைத்திருக்க இவை வேண்டும். ஆனால் ஒரே வகைப் பூச்சில் கறுப்பைவிட இளஞ்சிவப்பு நிறம் இரும்பைக் கூடுதலாகக் காப்பதில்லை. அது வாங்குபவரின் கண்ணுக்காகவே பூசப்படுவது. நிறம் பேசாது என்றும் சொல்ல முடியாது. பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1988இல் சட்டம் இயற்றியது, உண்மையையும் விளையாட்டையும் கண் பிரித்தறிய வேண்டும் என்பதற்காகத்தான். உண்மைத் துப்பாக்கி பொம்மையின் நிறத்தை அணியும்போது, தான் இன்னதென்று சொல்லும் கடமையிலிருந்து அது நழுவிவிடுகிறது.

இதைவிட வலுவான மறுப்பு நம் மரபிலிருந்தே எழும். முருகனின் வேலுக்குப் பொன் பூசுகிறோம், ஆயுத பூசையன்று கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். இது மட்டும் தகுமோ? தகும். பூசைக்கு வைத்த கருவியை அன்று யாரும் தொழிலுக்கு எடுப்பதில்லை. அந்த அலங்காரம் ஆயுதத்தை ஓய வைக்கிறது. அவ்வையார் தொண்டைமானின் ஆயுதசாலையைக் கண்டு பாடிய புறநானூற்றுப் பாடலிலும் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசி மின்னியவை காவலுக்குள் கிடந்த படைக்கலங்களே. அவரைத் தூதனுப்பிய அதியமானின் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. போர் செய்யாத அந்த மினுமினுப்பை அவ்வை எள்ளினார். எனக்கோ அதில்தான் ஆறுதல் தெரிகிறது. அந்தத் தொண்டைமானின் தொண்டை மண்டலத்துத் திருத்தணி, சூரனை வென்ற முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை என்பது ஐதீகம். கந்த சஷ்டியில் மற்ற தலங்களில் சூரசம்ஹாரம் நடக்க, இங்கே மலர் தூவி வழிபடுகிறார்கள். இந்த மலைக்கு அருகிலுள்ள மணவூரே, முதற் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் நரலோக வீரன் பிறந்த மணவில் என்று அறிஞர் கருதுவர். மணவிற்கூத்தன் என்றும் பெயர் பெற்ற அவன், பல களங்களில் வென்ற பின் சிதம்பரத்துத் தில்லைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. போர்வீரன் ஒருவனின் பொன் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் எனக்குத் தெரியவில்லை.

அஞ்சி வாழும் பெண்ணுக்கு, கைக்கு அடக்கமான அழகிய துப்பாக்கி தன்மானம் தரும் என்பது மூன்றாவது மறுப்பு. அந்த அச்சம் உண்மையானது. அதை யாரும் எளிதாக எண்ணக் கூடாது. எடையைக் குறைத்ததில் குற்றமும் இல்லை. ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் பெற்று, லட்சத்துக்கு மேல் செலவிட எத்தனை பெண்களால் முடியும்? இரவுப் பேருந்தில் வீடு திரும்பும் தொழிலாளிப் பெண்ணுக்கு அந்தக் கருஞ்சிவப்புப் பேழையால் பயனில்லை. அவளுக்கு வேண்டியது விளக்கெரியும் தெருவும், புகாரை உடனே பதிவு செய்யும் காவல் நிலையமும்தான். வாங்க முடிந்தவளுக்கும் அந்தப் பேழை தவறான பாடத்தையே சொல்கிறது. நகையை யோசிக்காமல் அணியலாம். துப்பாக்கியை ஒவ்வொரு முறை தொடும்போதும் யோசித்தாக வேண்டும். அந்த யோசனையை மழுங்கடிக்கும் எந்த அழகும் அவளுக்கே தீங்கு.

ஆகவே துரு பிடிக்காதிருக்க எந்தப் பூச்சு வேண்டுமோ அதைப் பூசட்டும். ஆசையைத் தூண்டும் பூச்சை விட்டுவிடட்டும். உரிமையோடு துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இதனால் எந்த இழப்பும் இல்லை. அவரது பாதுகாப்பு நிறத்தில் இல்லை. கொல்லும் வல்லமை கொண்ட பொருள் தன் கடுமையை மறைக்காமல் இருப்பதே, அதைக் கையில் எடுப்பவருக்கும் அதன் எதிரே நிற்பவருக்கும் நாம் செய்யும் மரியாதை.