துன்பக் கதையில் நகைப்பு எதற்கு?

துன்பம் நிறைந்த கதையில் கேலிக்கு இடமுண்டோ என்று ஜாசின் பக்கத்து நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். கேட்டார் என்பதினும் சினந்தார் என்பதே பொருந்தும். அவர் கையில் இருந்தது புதுமைப்பித்தனின் சிறுகதைத் தொகுதி. ‘பொன்னகரம்’ என்னும் கதையைப் படித்து முடித்துப் புத்தகத்தை மூடியவர், “ஒரு பெண்ணின் மானம் போகின்றது, இந்த மனிதர் பரிகாசம் பேசிக்கொண்டு நிற்கின்றாரே! இவர் நெஞ்சு கல்லோ?” என்றார். நண்பர் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய தாயின் உழைப்பில் படித்து ஆளானவர். ஏழையின் துன்பத்தைக் கண்டு சிரிப்பவரை அவர் தம் வாழ்நாளில் நிறையப் பார்த்திருக்கின்றார். ஆகவே அவர் சினத்தைச் சுவையறியாமை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

‘பொன்னகரம்’ 1934இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்தது. மிகச் சிறிய கதை. சென்னைப் பட்டினத்துச் சேரி ஒன்றுக்குப் பொன்னகரம் என்று பெயர் வைப்பதிலேயே கேலி தொடங்கிவிடுகின்றது. அம்மாளு மில் கூலிக்காரி. அவள் கணவன் முருகேசன் ஜட்கா வண்டி ஓட்டுபவன். குடித்துவிட்டுப் பந்தயம் ஓட்டி, வண்டியோடு விழுந்து, அடிபட்டுக் கிடக்கின்றான். அவனுக்குப் பால் கஞ்சி குடிக்க ஆசை. வீட்டில் காசில்லை. இருட்டுச் சந்து ஒன்றில் முக்கால் ரூபாய் பிறக்கின்றது. அது எப்படிப் பிறந்தது என்பதை ஆசிரியர் விரித்துரைக்கவில்லை. கற்பைப் பற்றி ஓயாது வாய்ப்பந்தல் போடுவோரை நோக்கி ஒரு சொல்லை வீசிவிட்டு நடந்துவிடுகின்றார். கதையும் முடிந்துவிடுகின்றது.

இதையே ஒருவர் உருக்கமாக எழுதியிருக்கலாம். அம்மாளு விம்மியிருப்பாள், விளக்கு அணைந்திருக்கும், வானத்து நிலவு மேகத்துள் ஒளிந்திருக்கும். நாமும் கண்ணீர் சொரிந்திருப்போம். சொரிந்தபின் என்ன ஆகியிருப்போம் என்பதே கேள்வி. அழுதவனுக்குத் தன் நெஞ்சின்மேல் ஒரு நம்பிக்கை பிறக்கின்றது. ‘நான் இரக்கமுள்ளவன், அம்மாளுவின் பக்கத்தில் நிற்பவன்’ என்று எண்ணிக்கொள்கின்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போகின்றான். புதுமைப்பித்தன் அந்த வசதியை நமக்குத் தர மறுக்கின்றார். அவர் கேலி அம்மாளுவின்மேல் படவே இல்லை. நண்பர் தவறவிட்டது இதனைத்தான். கதையைக் கையில் வைத்திருப்பவனே, ‘கற்பு’ என்ற சொல்லை நேற்று யாரோ ஒருத்தியைக் குறித்து எளிதாகப் பேசியவனே, அங்கே இலக்காகின்றான். படிக்கும்போது நாம் மெல்ல நகைத்தோமானால் அந்த நகைப்பே நம்மைக் குற்றவாளிக் கூண்டுக்கு அழைத்துச் செல்கின்றது.

தமிழுக்கு இது புதிய பாடமன்று. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையை முதலில் வைத்தார்; அடுத்த இடத்தை அழுகைக்குத் தந்தார். நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைச் சொன்னார். எள்ளல் முதலிடம் பெற்றிருப்பதைக் காண்க. ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றபோது, அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாராட்டிய பாட்டு புறநானூற்றில் உள்ளது. உன் வேல்கள் எண்ணெய் பூசி மாலை சூடி அழகாக இருக்கின்றன, எங்கள் அரசன் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவர் சொல்லும்போது தொண்டைமான் முதலில் மகிழ்ந்திருப்பான். புகழ்ச்சி உள்ளே சென்று சுடுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். பல உயிரைக் குடிக்கவிருந்த போர் ஒன்றைப் பற்றிய பேச்சு அது. அதனை நகைச்சுவையாகப் பேசினார் என்று எவரும் ஔவையாரைக் கல்நெஞ்சினர் என்பதில்லை.

உரைநடைக் கதையிலும் தொடக்கமே இப்படித்தான். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை நம்மில் பலர் சிறுவயதில் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்திருக்கின்றோம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆற்றைக் கடந்தபின் தம்மை எண்ணுகையில் எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவனை ஆறு கொண்டுபோயிற்று என்று அழுகின்றார்கள். சிறுவர்க்கு அது போதும். ஆனால் அக்கதை எப்படி முடிகின்றது என்பதை நினைவுகூர்ந்தால் சிரிப்பு நின்றுபோம். ஆசனம் குளிர்ந்தால் சாவு வரும் என்ற ஒரு சொல்லைக் குரு நம்புகின்றார், சீடரும் நம்புகின்றார்கள், நம்பிக்கையே கூற்றுவனாகி வருகின்றது. குருபக்தி மெய்யானது, கண்ணீர் மெய்யானது, அன்பும் மெய்யானது. அறிவு ஒன்றுதான் இல்லை. மூடநம்பிக்கையைப் பற்றி நம் இயக்கத்தார் ஆயிரம் மேடையில் பேசியதை முனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கதையாக எழுதி வைத்துப் போனார். அது 1822இல் லண்டனில் அச்சேறியது. பேச்சுத் தமிழ் கற்க வந்த ஐரோப்பியர்க்கு அது பாடநூலாகப் பயன்பட்டது என்பது வேறொரு வேடிக்கை.

மேல்நாட்டிலும் இக்கலையில் வல்லவர் உண்டு. அயர்லாந்தின் ஏழைகள் பட்டினியில் மடிந்தபோது ஸ்விஃப்ட் என்னும் ஆசிரியர் 1729இல் ஒரு திட்டம் எழுதினார். ஏழைகளின் குழந்தைகளைச் செல்வர்க்கு உணவாக விற்றுவிடலாம் என்று கணக்குப் புள்ளியின் அமைதியான குரலில் இலாப நட்டம் பார்த்துச் சொல்கின்றார் அதில் பேசும் கற்பனை மனிதர். படிப்பவர்க்கு மயிர்க்கூச்செறியும். கூலியைச் சதக்கணக்கில் குறைத்துத் தொழிலாளியின் அரிசியை எடைபோட்ட கணக்கேடுகளைப் பார்த்தவர்க்கு அந்தக் குரல் அவ்வளவு அயலாகத் தோன்றாது.

நமக்கு இன்னும் நெருங்கியவர் வோல்த்தேர். அவருடைய ‘கான்டீடு’ 1759இல் வந்தது. இவ்வுலகமே இயன்றவற்றுள் சிறந்த உலகம் என்று ஆசான் கற்பித்ததை நம்பிய இளைஞன் ஒருவன் உலகெங்கும் அடிபட்டுத் திரிகின்றான். போர், நிலநடுக்கம், தூக்குமரம் எல்லாம் வருகின்றன. எல்லாவற்றையும் வோல்த்தேர் ஒரு விளையாட்டைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போகின்றார். சுரினாம் நாட்டுக்கு வந்ததும் இளைஞன் வழியில் ஓர் அடிமையைக் காண்கின்றான். கரும்பாலையில் விரல் சிக்கினால் கையை வெட்டுவார்கள், ஓட முயன்றால் காலை வெட்டுவார்கள், எனக்கு இரண்டும் நேர்ந்தன, உங்கள் நாட்டில் நீங்கள் சர்க்கரை தின்பதன் விலை இது என்று அவன் சொல்கின்றான். அவன் குரலில் ஆத்திரமில்லை. விலைப்பட்டியல் சொல்வதுபோன்ற நிதானம் இருக்கின்றது. அதுவரை சிரித்து வந்த நாம் அங்கே திடுக்கிடுகின்றோம். கதையிலுள்ள இளைஞனும் அங்கே அழுகின்றான். தன் ஆசானின் கொள்கையைக் கைவிடத் துணிகின்றான். அத்தனை பக்கம் சிரித்து வந்திராவிடில் அந்தக் கண்ணீருக்கு அவ்வளவு கனம் இராது என்பது நம் துணிபு.

சர்க்கரை என்று வோல்த்தேர் எழுதிய இடத்தில் ரப்பர் என்று போட்டுப் பாருங்கள். டான் சே யான் 1896இல் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர் புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் பயிர் செய்யப்பட்டது. மேல்நாட்டு வண்டிச் சக்கரங்கள் ஓசையின்றி உருள, இங்கே நம் பாட்டனும் பாட்டியும் விளக்கைத் தலையில் கட்டி மரம் சீவினார்கள். பழைய யவன ஆசிரியன் தாலமி இந்தத் தீபகற்பத்துக்குப் பொன் என்ற அடைமொழி கொடுத்திருந்தான். கப்பலேற்ற வந்த கங்காணியும் ஊரில் அதையேதான் சொன்னான். தாலமியாவது நேரில் வந்து பாராமல் எழுதினான். ‘பொன்னகரம்’ என்னும் பெயரில் புதுமைப்பித்தன் வைத்த கேலி மலாயாத் தமிழர்க்கு உரை எழுதாமலே விளங்கவேண்டும்.

தேயிலைத் தோட்டத்தைப் பற்றியே அவர் எழுதிய கதையும் ஒன்று உண்டு. 1935இல் வந்த ‘துன்பக்கேணி’யில் திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்ப் பெண் மருதி இலங்கைத் தோட்டத்துக்குப் போய்ச் சீரழிவதைச் சொல்கின்றார். தோட்டத் தமிழர் அனைவரும் படிக்கத்தக்க கதை. எனினும் நம் கருத்தைச் சொல்லிவிடுகின்றோம்: அதில் கோபம் மிகுதி, நகை குறைவு; ஆகவே சில இடங்களில் கதை தளர்ந்து போகின்றது. அதனினும் மிகச் சிறிய ‘பொன்னகரம்’ நெஞ்சில் நெடுநாள் குத்திக்கொண்டிருக்கின்றது.

நகையும் கசப்பும் அவரிடத்தில் முழுதும் கலந்து நிற்பது 1943இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில். கடவுள் சென்னைத் தெருமுனையில் தோன்றுகின்றார். வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை அவரைக் காப்பிக் கடைக்கு அழைத்துப் போகின்றார். சிக்கரி கலந்த காப்பியைக் கடவுள் குடிக்கின்றார். நூறு ரூபாய் நோட்டை நீட்டிச் சில்லறைக்கு அல்லல்படுகின்றார். பிள்ளை வீட்டில் விருந்தாளியாகத் தங்குகின்றார், குழந்தையோடு விளையாடுகின்றார். பிழைப்புக்காக ஆடிக் காட்டப் போனால் ஆடற்கலைக்கே தலைவனானவரின் ஆட்டம் கலையறிந்த பெரிய மனிதரிடம் எடுபடவில்லை! தூர நின்று வரம் கொடுக்கலாமே ஒழிய மனிதரோடு கூடி வாழ முடியாது என்று கண்டுகொண்டு, பிள்ளையின் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டிவிட்டுப் போகின்றார்.

நாத்திகர் சிலர் இதனைக் கடவுள் மறுப்பு என்று கொண்டாடினர். ஆத்திகர் சிலர் நிந்தை என்று முகம் சுளித்தனர். நமக்கு இரண்டும் குறை வாசிப்பாகவே தோன்றுகின்றன. கடவுள் அங்கே இழிவுபடவில்லை. மாதக் கடைசியில் பத்து ரூபாய்க்கு அலையும் குடும்பத்தலைவன் படும் பாட்டைக் கடவுளாலும் தாங்க முடியவில்லை என்றுதான் தெரிகின்றது. ‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்று ஏழைக்கு ஆறுதல் சொல்லும் வழக்கத்தின் அடிவேரில் அது கோடரி வைக்கின்றது. எழுதியவரும் வறுமையை மாடியிலிருந்து பார்த்து நகைத்தவரல்லர். 1948இல் காசநோய் அவரைக் கொண்டுபோனபோது வயது 42.

இத்தனையும் சொல்லியும் ஜாசின் நண்பரின் கேள்விக்கு ஒரு பாதி மிஞ்சி நிற்கின்றது. எல்லா நகையும் இவ்வாறு உயர்ந்ததாக இருக்கின்றதா? இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டும். நம் நாடக மேடையிலும் பின்னர்த் திரைப்படத்திலும் பபூன் எதைக் காட்டிச் சிரிக்கவைத்தான்? கறுப்புத் தோலை, திக்குவாயை, விதவையை, கீழ்ச்சாதி என்று தள்ளப்பட்டவனின் பேச்சை, கள்ளுக்கடையிலிருந்து தள்ளாடி வரும் தொழிலாளியை. அடிபட்டவனையே மீண்டும் அடிக்கும் அச்சிரிப்புக்கு எழுத்தாளர் துணைபோவது பாவம்.

இதனினும் நுட்பமான தீங்கு ஒன்று உண்டு. நம்மை நாமே நகைத்துக்கொண்டு துன்பத்தை மறப்பது. சம்பள நாளில் கையில் மிஞ்சிய சில்லறையைக் குலுக்கி ஒருவன் வேடிக்கை சொல்கின்றான்; லயமே சிரிக்கின்றது; பாரம் சிறிது இறங்குகின்றது. அந்த ஆறுதலைக் குறைகூற நாம் யார்? அச்சிரிப்பு இல்லாதிருந்தால் பலர் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் பாரம் இறங்கிவிட்டால் மறுநாள் கணக்குக் கேட்க யார் போவார்? எழுத்தாளன் செய்யவேண்டிய வேலை வேறாகின்றது. புண்ணை ஆறவிடாமல் வைத்திருப்பது கொடுமைபோலத் தோன்றும். மேலே தோல் மூடி உள்ளே சீழ்கட்டுவதைவிட அது நல்லது. நாம் சொல்லும் அளவுகோல் இதுவே: சிரித்து முடித்தபின் யார் மனம் கலங்குகின்றது என்று பாருங்கள். நலிந்தவன் தலை குனிந்தால் அது ஈனச் சிரிப்பு. எல்லாரும் நிம்மதியாக எழுந்து போனால் அது பொழுதுபோக்கு.

கேலியைப் பாமரர் புரிந்துகொள்ள மாட்டார், நேராகவே எழுதிவிடுதல் நலம் என்று சீர்திருத்தத் தோழர்கள் சிலர் சொல்வதுண்டு. நாம் உடன்படவில்லை. ஈரோட்டுப் பெரியாரே ‘குடி அரசு’ இதழில் சித்திரபுத்திரன் என்ற புனைபெயரில் கேலி எழுதியவர்தாம். துரையின் முகத்துக்கு எதிரே ‘தங்கமான மனிதர்’ என்றும், அவர் வண்டி மறைந்ததும் அதே சொல்லை வேறு குரலிலும் சொல்லத் தெரிந்த மக்களுக்கு வஞ்சப்புகழ்ச்சியணியை யார் வந்து கற்பிக்கவேண்டும்?

அலோர் காஜாவுக்கு அருகே ஒரு தோட்டம் இருந்தது. இன்று அங்கே செம்பனையும் வீடுகளுமாக இருக்கின்றன. அத்தோட்டத்தில் சப்பானியர் வருமுன் நடந்ததாகத் தம் தந்தை சொன்ன செய்தி ஒன்றை முதியவர் ஒருவர் நமக்குச் சொன்னார். வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்த காலம் அது. மாரியம்மன் திருவிழா இரவில் நாடகம். பபூன் கங்காணி வேடத்தில் பெரட்டுப் புத்தகத்தோடு வந்தான். ஆள் குறைகின்றதே, தலைக்காசு போகின்றதே என்று தவித்து, நேரே இடுகாட்டுக்குப் போய்ப் பெயர் அழைக்கத் தொடங்கினான். ஒவ்வொரு பெயருக்கும் அவனே குரல் மாற்றி ‘வந்தேன் ஐயா’ என்று பதிலும் சொன்னான். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த கங்காணிதான் எல்லாரினும் உரக்கச் சிரித்தாராம். பெயர்கள் ஐந்தாறு ஆனதும் சிரிப்பு மெலிந்தது. பத்தாம் பெயரில் பெண்கள் பக்கம் ஓசையே இல்லை. கங்காணியின் மனைவி எழுந்து பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு அந்தக் குழுவை எவரும் அழைக்கவில்லை. அந்த நாடகத்தில் அரசன் யார், கதை என்ன என்பதெல்லாம் முதியவரின் தந்தைக்கு மறந்துபோயிற்று. பபூன் அழைத்த பெயர்களை மட்டும் சாகும் வரையில் வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தாராம்.