ஆகாயத்துக்கு எதற்குக் குடை?

ஆனித் திருமஞ்சன விழா நாட்களில் சிதம்பரம் வீதிகளில் சுவாமி புறப்பாடு. கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பவருக்குத் திருமுகம் தெரியாது, அலங்காரம் தெரியாது. தலைகளுக்கு மேலே குஞ்சம் ஆட அசைந்து வரும் குடை மட்டும் தெரியும். தோளில் உட்கார்ந்திருக்கும் பேரனிடம், "அதோ பாரு, சாமி வந்துட்டாரு" என்று தாத்தா விரல் நீட்டிக் காட்டுவது அந்தக் குடையைத்தான்.

குடை யாருக்கு? பஞ்சலோகத் திருமேனிக்கு வெயில் சுடாது, மழை நனைத்தாலும் சளி பிடிக்காது. இரவுப் புறப்பாட்டிலும் குடை உண்டு. அப்போது மறைக்க நிலவைத் தவிர ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு இது பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத்துக்குரியது. வானத்துக்கே எதற்குக் குடை என்று குறும்புக்காரப் பிள்ளை ஒருவன் கேட்டால் பெரியவர்கள் கொஞ்சம் விழிக்கத்தான் வேண்டும்.

விடை நடராசர் ஆடும் சிற்சபைக்குள்ளேயே இருக்கிறது. அங்கே இறைவன் மூன்று நிலைகளில் வழிபடப்படுகிறார். ஆடும் நடராசர் உருவம். ஸ்படிக லிங்கம் அருவுருவம். திரைக்குப் பின்னால் உள்ள ரகசியம் அருவம். திரை விலகினால் தெரிவது தங்க வில்வ மாலைகள் மட்டுமே. இருப்பதைச் சொல்ல ஒரு மாலை, மற்றபடி வெளி. அருவத்தைக் காட்ட இதைவிட எளிய வழியை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

பார்ஹுத்திலும் சாஞ்சியிலும் இருக்கும் பழைய பௌத்தச் சிற்பங்களில் புத்தரின் உருவம் கிடையாது. ஆளில்லாத ஆசனம், போதி மரம், அதன் மேல் ஒரு குடை. குடை இருந்தால் அங்கே அவர் இருக்கிறார் என்று பொருள். தில்லை என்னும் சிதம்பரத்தில் மாலை செய்யும் வேலையை அங்கே குடை செய்கிறது. வீதியில் தாத்தாவின் விரல் படித்ததும் இதே எழுத்தைத்தான்.

பூசையில் குடைக்குப் பெயர் உபசாரம். அந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு முகம். விருந்தினரைக் கவனிப்பதும் உபசாரம். ஒன்றின் தன்மையை இன்னொன்றின் மேல் ஏற்றிச் சொல்வதை உரையாசிரியர்கள் 'உபசார வழக்கு' என்பார்கள். குடை இரண்டுமாக இருக்கிறது. வீட்டுப் பூசையில் இது இன்னும் தெளிவு. தூபம், தீபம், நைவேத்தியம் முடிந்து ராஜோபசாரம் வரும்போது குடை, சாமரம் என்று பெயர் சொல்லி நாலு அட்சதையைப் போடுவார்கள், குடை பிடித்தாயிற்று! வெள்ளிக் குடை வாங்கி வைத்த வீட்டுக்கும் அட்சதை வீட்டுக்கும் பலனில் வித்தியாசம் சொல்லும் சாஸ்திரிகள் இருந்தால், அவர் நகைக் கடைக்காரரின் உறவினராக இருக்க வேண்டும்.

குடை முதலில் அரசனுடையது. தில்லையில் அதற்கு இடம் தாராளம்: ஒரே மதிலுக்குள் நடராசர், கோவிந்தராசர் என்று இரண்டு ராசாக்கள், ஆயிரங்கால் மண்டபத்துக்கு ராசசபை என்று பெயர். கோவிந்தன் என்ற பட்டமே, பாகவதக் கதைப்படி, கண்ணன் கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடித்து ஆயர்களையும் மாடுகளையும் காத்த பிறகு இந்திரன் சூட்டியது. குடைக்குக் கீழே நின்று பெற்ற பட்டமல்ல அது, குடை பிடித்துப் பெற்றது. அரசனின் குடை வெயிலை மறைக்கவா என்ற கேள்வியைப் புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் முன்பே எழுப்பிவிட்டார். வெயிலுக்காக அல்ல, வருந்தும் குடிமக்களை மறைப்பதற்கு என்று சோழன் கிள்ளிவளவனின் முகத்துக்கு நேரே சொல்லி, நிலவரிப் பாக்கியையும் தள்ளுபடி செய்யவைத்தார்.

குடையாகவே மாறுபவனும் உண்டு. கடலூருக்கு மேற்கே கெடிலக் கரையில் இருக்கும் திருவஹீந்திரபுரத்தின் பெயரிலேயே அஹீந்திரன், அதாவது பாம்பரசன் ஆதிசேடன், இருக்கிறான். திருமால் நடந்தால் ஆதிசேடன் குடையாவான் என்பது பொய்கையாழ்வாரின் முதல் திருவந்தாதி தரும் செய்தி. இந்தத் தலத்தின் கதையிலோ அவன் பெருமாளின் தாகத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிறான். குடை பிடிப்பவனும் தண்ணீர் எடுப்பவனும் ஒருவனே.

விநாயகர் சதுர்த்தியன்று கடலூர்க் கடைத்தெருவில் களிமண் பிள்ளையாரோடு எருக்க மாலையும் மூங்கில் குச்சியில் கலர்க் காகிதம் ஒட்டிய குடையும் விற்கும். குடை இல்லாமல் பிள்ளையாரை மனையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் பிள்ளைகள் ஒப்ப மாட்டார்கள். பிறகு பிள்ளையார் தேவனாம்பட்டினம் கடலில் கரைவார். குடை பெரும்பாலும் கரையேறிவிடும், யார் கையில் என்பதில்தான் சண்டை.

ஆனாலும் கடலூர் மாவட்டத்தின் பெரிய குடைக்கதை பெரிய புராணத்தில் இருக்கிறது. சிறுவனான ஞானசம்பந்தர் முதுகுன்றத்தையும் பெண்ணாகடத்தையும் வணங்கிவிட்டு, நிவா என்னும் வெள்ளாற்றங்கரைத் திருநெல்வாயில் அரத்துறைக்கு நடக்கிறார். அதுவரை தோளில் சுமந்த தந்தை சிவபாத இருதயரின் தோளிலும் இப்போது ஏற மறுக்கிறார். பிஞ்சுக் கால் நோகிறது. தந்தைக்கு மனம் நோகிறது. வழியில் மாறன்பாடி என்னும் ஊரில் இருட்டிவிடுகிறது. அன்றிரவு அரத்துறை ஊராரின் கனவில் இறைவன் வந்து, கோயிலில் முத்துச் சிவிகையும் முத்துக் குடையும் ஊதும் சின்னங்களும் இருக்கின்றன, கொண்டுபோய்க் கொடுங்கள் என்கிறார். விடிந்ததும் ஊர் திரண்டு எடுத்துச் செல்கிறது. பிள்ளை உடனே ஏறி உட்காரவில்லை. சிவிகையை வலம் வந்து வணங்கி, ஐந்தெழுத்தை ஓதிய பிறகே ஏறினார்.

வானத்துக்குக் குடை எதற்கு என்று கேட்ட குறும்புக்காரப் பிள்ளைக்குச் சொல்ல ஏற்ற கதை இதுதான். குடை தேவைப்பட்டது இறைவனுக்கு அல்ல, நடந்து வந்த குழந்தைக்கு. கோயிலில் இருந்த குடை வீதிக்கு வந்தது அதற்காக. தத்துவம் பேசும் நூல்கள் உபசாரங்களுக்குச் சொல்லும் விளக்கங்களைவிட இந்தக் கால்வலி நமக்கு நன்றாகப் புரிகிறது.

அரத்துறை இன்று திருவட்டத்துறை. கோயில் தீர்த்தபுரீசுவரர் கோயில். விழுப்புரம்–திருச்சி ரயில் பாதையில் பெண்ணாடத்தில் (அன்றைய பெண்ணாகடம்) இறங்கிப் போகலாம்.