பொறுமையா, பாராமுகமா?

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் இரவில் வலியால் துடிக்கிறார். "ஆபரேஷன் என்றால் வலி இருக்கத்தானே செய்யும், சபூர் செய்" என்கிறார்கள் வீட்டார். இது பொறுமையைப் போதிப்பதாகுமா? சற்றே சிந்திப்போம்.

பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று உடன் வந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கையில் இல்லை என்றார்கள். குளித்தார், இறந்தார். செய்தியறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், அந்த உயிருக்கு அவர்களையே பொறுப்பாக்கிக் கடிந்தார்கள். அபூதாவூதில் காணப்படும் நிகழ்ச்சி இது. அவர்கள் பேணுதலால்தான் சொன்னார்கள். ஆயினும் அறியாததில் தீர்ப்புச் சொன்னது குற்றமாயிற்று. வலியின் காரணம் அறியாமல் 'சபூர் செய்' என்பதும் அத்தகைய ஃபத்வாவே!

மூலக்கொத்தளத்துக்கு அருகே வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயதுக் கால்பந்து வீராங்கனைக்கு, 2022 நவம்பரில் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் முழங்கால் அறுவை நடந்தது. இறுகிய கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டது. ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் காலை அகற்றியும் நவம்பர் 15-ல் மறைந்தார். மருத்துவமனையிலேயே இப்படி நேருமாயின், வீட்டில் எவ்வளவு விழிப்பு வேண்டும்!

ஆறவேண்டிய வலி நாளுக்கு நாள் குறையும். மருந்துக்கும் அடங்காமல் ஏறும் வலி, கட்டுக்குக் கீழே விரல்கள் மரத்து, குளிர்ந்து, வெளுத்தோ நீலம் பாரித்தோ போவது, நிற்காத ரத்தம், குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை காத்திருக்க முடியாத அடையாளங்கள். ரத்தம் செல்லாத தசை சில மணி நேரத்திலேயே அழியத் தொடங்கும். பிரசவித்த பெண்ணுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு துணி முழுதும் நனைந்தால், ஹார்பர் வேலைக்குப் போன கணவர் வரட்டும் என்று இருக்கலாகாது. பெண் மருத்துவர் இல்லையே என்ற தயக்கமும் வேண்டாம். நிர்ப்பந்த நிலையில் ஆண் மருத்துவர் பார்ப்பதை மார்க்கம் அனுமதிக்கிறது.

அய்யூப் (அலை) அவர்கள் தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். ஆயினும் பொறுமையாளர் என்றே புகழப்பட்டார்கள். வலியைச் சொல்வது பொறுமையின்மை அல்ல. சொல்வதைக் கேளாதிருப்பதே பாராமுகம்.

அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு, அருகிருந்து நலம் விசாரிக்கவென்றே நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்தார்கள். அந்த சுன்னத்தை நாமும் பேணுவோம். 108-க்கு அழைப்பது இலவசம். ஸ்டான்லி மருத்துவமனை இரவும் பகலும் திறந்திருக்கிறது. முதலில் புறப்படுங்கள்; துஆவை வழியிலேயே கேட்கலாம்.