விபத்தும் தீவைப்பும்

சீடன்: ஐயா, ‘டார்க்’ என்ற ஜேர்மன் தொடரின் இறுதிப் பருவம் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும். 2020 யூன் 27இல் நெற்பிளிக்ஸில் வந்த எட்டு அத்தியாயங்கள். 33 ஆண்டுகளுக்கொருமுறை தன்மேல் வந்து விழும் காலச்சுற்றை உடைக்க முனைந்த ஒவ்வொருவரும் அதை இன்னும் இறுக்கிவிடுகிறார்கள். கடைசியில், சுற்றுக்கு வெளியே ஒரு மூல உலகம் இருப்பது தெரியவருகிறது. அங்கே டன்ஹவுஸ் என்ற மணிக்கூட்டுக் கைவினைஞரின் மகனும் மருமகளும் பேத்தியும் 1971இல் கார் விபத்தில் இறக்கிறார்கள். அவர்களை மீட்க 1986இல் அவர் இயக்கிய பொறி உலகை இரண்டாகப் பிளக்கிறது. தொடரின் நாயகர்களான யோனாசும் மார்த்தாவும் அந்த விபத்து இரவுக்கே போய்க் காரை மறித்து, பாலம் மூடியிருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். விபத்து நடக்கவில்லை, பொறியும் பிறக்கவில்லை, பிளந்த உலகங்களோடு அவ்விருவரும் கரைந்துபோகிறார்கள். அப்படியொரு வழி எமக்குக் கிடைத்தால், 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வாசலில் போய் நின்று தீயைத் தடுப்பதுதானே தருமம்?

குரு: அன்றிரவு அங்கே நின்றவருக்கு அது தருமம், தம்பி. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நீர் கேட்பது இன்றிலிருந்து திரும்பிப் போய் நடந்ததை நடவாததாக்குவது. அது வேறு செயல். அந்தத் தொடரின் முடிவு ஏன் நம் மனத்துக்கு ஒப்புகிறது என்று முதலில் பாரும். அதன் மூலத்தில் குற்றவாளி இல்லை. தந்தையோடு பிணங்கிய மகன் மழையிரவில் காரை எடுத்துக்கொண்டு போகிறான், அவ்வளவுதான். விபத்தை அழித்தால் யாருடைய பொறுப்பும் அழிவதில்லை. கதையை எழுதியவர்கள் மூலத்தில் ஒரு கொலையை வைத்திருந்தால் அதே முடிவு நம்மை உறுத்தியிருக்கும். நூலகம் தானாக எரியவில்லை. காவல்துறையினரும் காடையரும் கொளுத்தினார்கள். சுமார் 97,000 நூல்களும், படியெடுக்கப்படாத ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. நீர் வாசலில் நின்று அந்த இரவை அழித்தால் நூல்கள் மீளும், கொளுத்தியவன் முழுமையாக விடுதலையாவான். அவனை நோக்கி நீட்ட ஒரு விரல்கூட உலகில் மிஞ்சாது, ஏனெனில் செயலே இல்லை. இதுவரை ஒருவருக்கும் தண்டனை கிடைக்காத குற்றத்துக்கு நாமே முன்வந்து கொடுக்கும் பொதுமன்னிப்பாக அது முடியும்.

சீடன்: தண்டனைதான் எப்படியும் கிடைக்கவில்லையே. வராத நீதிக்காக வரக்கூடிய நூல்களை ஏன் விடவேண்டும்? குற்றமே நடவாத உலகில் நீதிக்குத் தேவையும் இல்லையே.

குரு: வலுவான தடை. இதை வெறும் எண்ணிக்கையால் தள்ளிவிட நான் விரும்பவில்லை. குற்றம் நடவாத உலகம் மேலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உலகத்துக்குப் போகிறவர் யார்? தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட நூலில் இதற்கு நெருங்கிய சிக்கலை ஆராய்ந்தார்: கடந்தது சிறிது மாறினாலும் பின்னால் பிறப்பவர்கள் வேறு ஆட்களாகிவிடுவார்கள். 1981க்குப் பிறகு இந்தக் குடாநாட்டில் பிறந்தவர்களில் பெரும்பாலோர், நீரும்தான், அந்த உலகில் இருக்கமாட்டீர்கள். யோனாசும் மார்த்தாவும் தாம் கரைவதற்குத் தாமே உடன்பட்டார்கள், அது அந்த முடிவின் பெருமை. அவர்களோடு கரைந்த இரண்டு உலகங்களின் ஊர்மக்களை யார் கேட்டார்கள்? தொடர் இந்தக் கேள்வியைத் தொடாமல் போவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. ஒருபோதும் இல்லாதவருக்கு இழப்பில்லை என்பீர். மாற்றம் முடிந்த பின் அங்கிருந்து பார்த்தால் அது மெய். முடிவெடுப்பவர் நிற்பது மாற்றத்துக்கு முன்னால், அத்தனை பேரும் உயிரோடு இருக்கும் உலகில்.

சீடன்: சைவ சித்தாந்தம் வேறு சொல்கிறதே, ஐயா. தீக்கையில் குரு, சேர்ந்து கிடக்கும் பழவினையான சஞ்சிதத்தை எரித்துவிடுகிறார் என்கிறோம். கடந்ததை அழிப்பதை நம் மரபே ஏற்கிறதல்லவா?

குரு: அங்கே எரிவது, வினை பயனாக வந்து உயிரைக் கட்டும் வலிமை. செய்த செயல் செய்யாததாகிவிட்டது என்று மெய்கண்டார் மரபில் யாரும் சொல்லவில்லை. தீக்கை பெற்றவனுக்கும், பயன் தரத் தொடங்கிவிட்ட வினையான பிராரத்தம் உடல் உள்ளவரை நுகர்ந்தே கழிகிறது. நடந்தது நடந்ததாக நிற்க, அதன் பிடி மட்டும் தளர்வது ஒன்று. நடந்ததே இல்லாமற் போவது இன்னொன்று. இந்த வேறுபாட்டை யாழ்ப்பாணம் கல்லிலும் சுண்ணாம்பிலும் விவாதித்திருக்கிறது. நூலகத்தை மீளக் கட்டும் பேச்சு வந்தபோது, எரிந்த கட்டடத்தை நினைவுச்சின்னமாக அப்படியே விட்டு வேறிடத்தில் புதிது கட்டவேண்டும் என்ற குரல் இங்கே எழுந்தது. வெள்ளை பூசினால் தீயின் சான்று மறைந்துவிடும் என்பது அவர்களது அச்சம். கடைசியில் கட்டடக்கலைஞர் நரசிம்மன் வரைந்த, 1959இல் திறந்த பழைய தோற்றமே மீண்டது. அந்தக் குரலில் நியாயம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். கட்டடம் காலப்பயணம் செய்தது போல நிற்கிறது, புதிதாக வருகிறவருக்கு யாராவது சொல்லாவிட்டால் தீ தெரியாது. ஆனாலும் நிகழ்வு நிற்கிறபடியால்தான் 2016இல் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க நாடாளுமன்றத்தில் அதற்காக மன்னிப்புக் கேட்க முடிந்தது. அந்த மன்னிப்பு போதுமா என்று நாம் வாதாடுகிறோம். வாதாடுவதற்கும் நிகழ்வு நிற்கவேண்டும்.

சீடன்: அப்படியென்றால் எரிந்த ஏடுகளுக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா?

குரு: படி இல்லாமல் எரிந்தவை வரமாட்டா. அதை மறைத்து உமக்கு ஆறுதல் சொல்ல என்னால் முடியாது. வேறிடத்தில் படி இருந்த அச்சு நூல்கள் வரும், வந்துகொண்டும் இருக்கின்றன. 2005இலிருந்து ‘நூலகம்’ என்ற எண்ணிமத் திட்டத்தார் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி எல்லோரும் படிக்க வைக்கிறார்கள். அவர்கள் ஒரு பிரதியை வருடும்போது 1981 மாறுவதில்லை, யாரும் கரைவதில்லை, கொளுத்தியவன் கடனும் குறைவதில்லை. டன்ஹவுஸ் தன் பேத்திக்காகப் பொறி செய்தபோது அவர் துயரத்தில் பிழை இல்லை. மீட்பதற்கும் நடவாததாக்குவதற்கும் இடையிலுள்ள கோட்டை அவர் காணவில்லை. இப்போது சொல்லும், உம்முடைய பாட்டனார் வீட்டில் ஏடுகள் இருந்தால், அவற்றுக்குப் படியெடுத்தாயிற்றா?