மாயாகாரியமும் மனைவாழ்க்கையும்

"உலகம் மாயாகாரியம், தோன்றி நின்று ஒடுங்குவது. அதனைப் பேணுதல் உலகியலார்க்கு உரியதன்றி வீடுபேறு வேண்டுவார்க்கு உரியதன்று. நீர் வறண்டாலென், நிலங்கெட்டாலென்?" என்று சைவ நன்மக்களுள்ளும் சிலர் கூறக் கேட்கின்றோம். கேட்டமாத்திரையில் இது துறவுரை போலத் தோன்றும். ஆயின், சித்தாந்தத்திற்கு முற்றும் மாறாயதோருரை இதுவென்பது சிறிது ஆராயின் விளங்கும்.

உலகம் வெறுந்தோற்றமென்பது மாயாவாதியர் கொள்கை. நமக்கு மாயை உள்பொருள். பதியும் பசுவும் போல அநாதியாயுள்ளது. ஆணவவிருளில் அழுந்திக் கிடக்கும் உயிர் சிறிதேனும் அறிவு விளங்கித் தன் வினையை நுகர்ந்து கழித்தற்பொருட்டு, இறைவன் அம்மாயையினின்று தனு கரண புவன போகங்களைத் தோற்றுவித்து அருளுகின்றான். இதுபற்றியன்றோ ஆன்றோர் மாயாகாரியத்தை இருளில் ஏற்றிய விளக்கோடு ஒப்பிடுவர்! விடிந்தபின் விளக்கு வேண்டாவென்பது உண்மையே. அதுபற்றி நள்ளிரவில் விளக்கை உடைப்பார் உளரோ? மேலும், தனுவும் கரணமும் உயிர்தோறும் வேறு. புவனமோ பல உயிர்க்கும் பொது. என் மனைக்கிணற்று நீரும் அடுத்த மனைக்கிணற்று நீரும் நிலத்தின்கீழ் ஒன்றே. அதனை யான் வீணே இறைத்துக் கவிழ்ப்பின், பிறிதோருயிர்க்கு இறைவன் அமைத்த நுகர்ச்சிப் பொருளைக் கெடுத்தவனாவேன். "அஃது அவ்வுயிரின் வினைப்பயனாகலாமே" எனின், ஆகுக. கெடுத்த வினை கெடுத்தவனையே சாருமென்க.

"என் காசு கொடுத்து வாங்கிய நீர், என் விருப்பம்போற் செலவிடுவேன்" என்பாரும் உளர். காசு லாரிக்காரர்க்குச் சேர்ந்தது. நீரை உடையவனுக்கு இவர் கொடுத்தது யாது? யான் எனதென்னும் செருக்கு அறுதலே பயனாகக் கொண்ட நெறியில் நிற்பார், குழாயைத் திருகும்பொழுது மட்டும் அதனை விடாது பற்றுதல் வியப்பே.

இனி, சற்காரியவாதம் கற்றார்க்கு இதனினும் நெருங்கியதொரு கடப்பாடுண்டு. அழிவென்பது காரியம் தன் காரணத்தில் ஒடுங்குதலேயன்றி இன்மையாதலன்று என்று பாடம் கேட்கின்றோம். வீட்டிற்கு வந்தவுடன் அதனை மறந்து, "எறிந்துவிட்டேன்" என்கின்றோம். எறிந்த பொருள் எங்கே போயிற்று? வாழையிலை பசுவின் வயிற்றிலோ எருக்குழியிலோ சென்று சின்னாளில் மண்ணாம். நெகிழிப்பை அங்ஙனம் மண்ணாவதில்லை. வெயிலிற் பொடிந்து நுண்டுகளாகி நீரிலும் மீனிலும் புகுகின்றது. தமிழ்நாட்டரசு 2019 சனவரி முதல் ஒருமுறை கழித்தெறியும் நெகிழிப்பொருள் பதினான்கு வகையைத் தடுத்தது நன்று. சட்டம் வணிகரைத் தண்டிக்கும். கூடையின்றிக் கோயிலுக்கு வரும் அடியவரை என்செய்யும்? வில்வத்தை நெகிழிப்பையிற் கொணர்ந்து, இலையை இறைவற்குச் சாத்திப் பையைத் திருக்குளத்தருகே விடுத்தல் எவ்வகைச் சரியையோ அறியோம். உழவாரமேந்திய அப்பரடிகளின் வழிவந்தேமென்று கூறிக்கொள்வார் கூடையும் ஏந்தலாம்.

ஆண்டு முழுதும் மனையிற் செய்யத்தக்கவற்றுள் தலையாயது மழைநீரைக் காத்தலே. தமிழ்நாட்டின் மழையிற் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்திற் பெய்வது. ஆயிரஞ் சதுரவடி மாடியில் ஓரங்குல மழை பெய்யின் ஏறக்குறைய 2,300 லிட்டர் நீர் வீழும். இதனை மண்ணுட் செலுத்தும் அமைப்பு எல்லாக் கட்டடத்திற்கும் வேண்டுமென்று 2003ஆம் ஆண்டிலேயே அரசு கட்டாயமாக்கிற்று. குழாய்கள் பல மனைகளில் இன்றும் உள்ளன. அவற்றின் அடியிலுள்ள குழியோ தூர்ந்துகிடக்கின்றது. 2019 கோடையிற் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபொழுது, குடமேந்தி நின்றார் அருமை அறிந்தனர். அடுத்த மழை வந்ததும் மறந்தனர். புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கிக் குழியிலுள்ள மணலையும் சரளைக்கல்லையும் எடுத்தலசி மீள இடுதல் ஒருநாள் வேலை. சரசுவதிபூசைக்கு வீட்டைத் துப்புரவாக்குவார் அதனோடு இதனையும் முடிக்கலாம்.

மற்றைத் திங்கள்களை விரிப்பிற் பெருகும். கார்த்திகைக்கு மண்ணகலே கொள்ளுதல், மார்கழிக்கோலத்தைக் கல்மாவை விடுத்து எறும்பு உண்ணும் அரிசிமாவால் இடுதல், பருப்பை ஊறவிட்டு மூடிச் சமைத்து எரிபொருள் குறைத்தல் முதலியவற்றை மனைமாட்சியுடையார் நம்மினும் நன்கறிவர்.

போகியை மட்டும் சொல்லாதொழிதல் கூடாது. முன்னாளில் எரித்தவை பழம்பாயும் முறமும் துடைப்பமும். கோரையும் மூங்கிலும் ஓலையுமாதலின் சாம்பராய் மண்ணிற் கலந்தன. இந்நாளில் டயரும் நெகிழியும் எரிகின்றன. 2018ஆம் ஆண்டு போகியன்று புகையும் பனியும் மண்டிச் சென்னையில் விமானங்கள் தடைப்பட்டன. பழையன கழித்தலே கருத்தெனின், உடுக்கத்தக்க துணியை இல்லார்க்கும், எஞ்சியவற்றைப் பழம்பொருள் கொள்வார்க்கும் கொடுத்துவிட்டு, பாயையும் துடைப்பத்தையும் சிறிதளவே எரிக்கலாம்; அதற்கு எச்சாத்திரமும் தடை கூறவில்லை.