திரும்பி வருபவரின் கடன்

வேலூர் காந்தி ரோட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் லாட்ஜ்களின் பெயர்ப்பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்தும் இருக்கும். 1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலை சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்து, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்களைக் காட்பாடி ஜங்ஷனில் கொண்டுவந்து இறக்குகிறது. இவர்களில் பலர் ஒருமுறையோடு முடித்துக்கொள்பவர்கள் அல்லர். ரிவ்யூவுக்கு வரச்சொன்ன தேதியில் மறுபடியும் வருகிறார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கும் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கும் போய்வருகிறார்கள். நேர்ந்துகொண்டு வருவதால் அவர்களுக்கு இது பாதி யாத்திரையும்கூட.

இப்படி வருகிறவர் போனமுறை தங்கிய லாட்ஜுக்கே போக வேண்டுமா, வேறு இடம் பார்க்கலாமா? வாடகையும் வசதியும் பார்த்து முடிவு செய்யும் விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் நோயாளியோடு மாதக்கணக்கில் ஓரிடத்தில் கிடந்தவருக்கு அது அவ்வளவு லேசான கேள்வி அல்ல.

காரணம், ரசீதில் ஏறாதவை. நடு இரவில் காய்ச்சல் ஏறினால் எழுப்பக்கூடிய ஓர் ஆள் கீழே படுத்திருப்பது. கஞ்சி வைக்க அடுப்பும் பாத்திரமும் கிடைப்பது. ஆபரேஷன் தேதி தள்ளிப்போய்க் கையிருப்பு கரையும்போது, மீதியை ஊருக்குப் போய் அனுப்புங்கள் என்று சொல்லும் ஒரு வாய். அறைக்கான வாடகையைக் கொடுத்துத் தீர்த்துவிடலாம். இவற்றைத் தீர்க்க முடியாது. அடுத்தமுறை பத்து அடி தள்ளி ஐம்பது ரூபாய் குறைவாக அறை கிடைக்கிறது என்பதற்காக அந்த வாசலைத் தாண்டிப் போகும்போது மனம் கூசுகிறதென்றால், அந்தக் கூச்சம் நியாயமானது. அதை மூடப் பழக்கம் என்று தள்ளிவிடக் கூடாது.

ஆனால் கடன் யாருக்கு என்று பார்க்க வேண்டும். கட்டிடத்துக்கு அல்ல, பெரும்பாலும் முதலாளிக்கும் அல்ல. வெந்நீர் கொண்டுவந்த பெண்ணுக்கும், ராத்திரி ஆட்டோ பிடித்துக் கொடுத்த பையனுக்கும்தான். அவர்கள் வேலையை விட்டுப் போயிருந்தால், பெயர்ப்பலகை மாறாத காரணத்துக்காக மட்டும் அந்த லாட்ஜுக்கு விசுவாசம் காட்ட வேண்டியதில்லை.

விசுவாசம் கயிறாக மாறுவதும் உண்டு. காசியிலும் கயாவிலும் பண்டாக்கள் என்னும் தீர்த்தப் புரோகிதர்கள் தலைமுறை தலைமுறையாக யாத்ரீகர் குடும்பங்களின் பெயர்களைப் பேரேடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். தாத்தா தங்கிய வீட்டுக்கே பேரனும் வந்தாக வேண்டும். அந்தப் பேரேட்டில் முன்னோர் பெயரைத் தொட்டுப் பார்ப்பது பெரிய பேறுதான். ஆனால் போகலாமா வேண்டாமா என்று பேரனை யாரும் கேட்பதில்லை. வேலூரிலும் 'ரெகுலர் பார்ட்டி' என்று ஒருவரைச் சொல்லும்போது அதில் பாசம் இருக்கலாம், சொத்துரிமையும் இருக்கலாம். நோயாளியை வைத்துக்கொண்டு இவரால் இடம் மாற முடியாது என்று தெரிந்தே வாடகையை ஏற்றுகிற இடத்தில் கடன் எதுவும் மிச்சம் இல்லை. அங்கிருந்து கிளம்புவதில் நன்றிக்கேடும் இல்லை.

இடம் தருவதற்கு அளவுகோல் எது என்பதைப் பழைய விருந்தோம்பல் மரபுகள் சரியாகப் புரிந்துவைத்திருந்தன. சத்திரங்களில் மூன்று நாள் தங்கலாம் என்பது பொதுவான வழக்கம். இஸ்லாமிய மரபிலும் விருந்தினருக்குரிய உபசாரம் மூன்று நாள்தான், அதற்கு மேல் தருவது தர்மக் கணக்கில் சேரும். அதே சமயம், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ல் தம் சத்திரங்களைப் பற்றி எழுதிய கடிதத்தில், வழியில் நோயுற்றவருக்கு மருந்து கொடுத்துக் குணமாகும்வரை கவனிப்பதைச் சொல்கிறார். நாள் கணக்கு ஆரோக்கியமானவருக்குத்தான். யாருக்குத் தேவை அதிகம் என்பதே அங்கே அளவுகோல், யாருக்குப் பழக்கம் அதிகம் என்பதல்ல.

இந்த வட்டாரத்து மக்களே வேறு ஊர்களில் யாத்ரீகர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் வியாபாரக் குடும்பங்களில் உம்ராவுக்கு மறுபடியும் மறுபடியும் போகிறவர்கள் இருக்கிறார்கள். புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். திருமலையில் தேவஸ்தானம் ஒதுக்கும் அறைதான் அறை. போனமுறை தங்கிய இடமே வேண்டும் என்று சாதாரண பக்தர் கேட்க முடியாது. மக்காவில் ஹைதராபாத் நிஜாம் ஏற்படுத்திய ருபாத் என்னும் யாத்ரீகர் விடுதியில், பழைய ஹைதராபாத் சமஸ்தானத்து ஹாஜிகளுக்கு இலவசமாக இடம் உண்டு. யாருக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. முன்பே வந்தவர் என்ற சலுகைக்குக் குலுக்கலில் இடமில்லை. இடம் குறைவாகவும் வருகிறவர் அதிகமாகவும் இருக்கும் ஊரில் இதுதான் நேர்மை.

தனியார் லாட்ஜில் குலுக்கல் கிடையாது. ஆகவே அந்த நேர்மையைத் திரும்பி வருபவரே கைக்கொள்ள வேண்டியிருக்கிறது. கீழ்த்தளத்தில் இருப்பது ஒரே அறை. வாக்கரோடு முதல்முறை வந்த ஒருவர் ரிசப்ஷனில் நிற்கிறார். நன்றாக நடக்கக்கூடிய பழைய வாடிக்கையாளர் 'எனக்கு எப்பவும் அந்த ரூம்தான்' என்கிறார். மேனேஜரும் முகத்துக்காகச் சாவியை நீட்டுகிறார். பழைய இடத்துக்கே போவதில் உள்ள உண்மையான தவறு இதுதான். எந்தக் கவுன்ட்டரில் முதலில் நிற்க வேண்டும், எங்கே மீன்சாதம் கிடைக்கும், கமிஷனுக்காக வேறு லாட்ஜுக்கு இழுக்கும் ஆட்டோவை எப்படித் தவிர்ப்பது என்று புதியவருக்குச் சொல்லித்தரக்கூடியவர் அந்தப் பழைய வாடிக்கையாளர். அந்த அனுபவத்தை முன்னுரிமையாக மாற்றிக்கொள்ளும்போது அது அநியாயமாகிவிடுகிறது.

2022-ல் சி.எம்.சி. ராணிப்பேட்டை வளாகத்தைத் திறந்து, பல துறைகளை அங்கே மாற்றியபோது இன்னொரு பக்கம் தெரிந்தது. காந்தி ரோட்டில் பழகியவருக்கு, பார்க்க வேண்டிய டாக்டர் இப்போது நெடுஞ்சாலையில் ரத்னகிரிப் பக்கம் இருக்கிறார். கூட வந்தவருக்குப் பழைய லாட்ஜும் பழைய முகங்களும் ஆறுதல். ஆனால் தினமும் பஸ்ஸில் குலுங்கிப் போக வேண்டியது நோயாளியின் உடம்பு. தன் நன்றியுணர்வுக்கு இன்னொருவர் உடம்பால் விலை கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. இந்த முடிவில் முதல் வார்த்தை நோயாளியுடையது. அவர் பழைய இடமே நிம்மதி என்றால், பஸ் பயணத்தையும் அவரே தேர்ந்துகொண்டதாகும்.

மாறுகிறவர் ஒளிந்து போக வேண்டாம். ஒரு சாயங்காலம் பழைய லாட்ஜுக்குப் போய், பாக்கி இருந்தால் கொடுத்துவிட்டு, கவனித்துக்கொண்டவர்களைப் பார்த்து நோயாளி எப்படி இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வரலாம். அவர்களும் அந்த நோயாளிக்காகக் கவலைப்பட்டவர்கள்; தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. ஏன் மாறினீர்கள் என்று முதலாளி கேட்டால், வாடகை கட்டுப்படியாகவில்லை என்பதையும் கூச்சப்படாமல் சொல்லலாம். அடுத்து அந்த அறைக்கு வருகிற குடும்பத்துக்காவது அது உதவும்.